ஐந்து போத்தல்களுக்குப் பெரட்டு எடுத்தவர்

கண்ணாடிப் போத்தல்களுக்கு வருகைப் பதிவேடு வைத்திருந்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் மலேசியாவின் நெகிரி செம்பிலானில், லாபுவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். வேறு எங்காவது இன்னொருவர் இருப்பதாகத் தெரிந்தால் எழுதுங்கள். எழுதினாலும் நான் நம்பப் போவதில்லை.

அவர் பெயர் பெரட்டு. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்ன என்று விளக்க வேண்டாம். பாரோய் வீடமைப்புப் பகுதியில் பிறந்து, ரப்பர் மரத்தைக் கார் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்த என்னைப் போன்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடிவதற்குள் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி, மேற்பார்வையாளரான மண்டோர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, யார் வந்தார், யார் வராமல் மட்டம் என்று குறித்துக்கொள்வதுதான் பெரட்டு.

நம்முடைய பெரட்டு அண்ணன், லாபு பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ரப்பர் பால் வந்து சேரும் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். தோட்டம் முழுக்க ரப்பரை விட்டு எண்ணெய்ப் பனையான செம்பனைக்கு மாறியதும் ஸ்டோரை மூடிவிட்டார்கள். முப்பத்தைந்து வயதில் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு உதவியாளராக வந்தார். பெரட்டு எடுக்காமல் அவருக்குப் பொழுது விடியாது. இங்கே கூப்பிட ஆளில்லை. ஆகவே பொருள்களைக் கூப்பிட ஆரம்பித்தார்.

காலை ஏழு மணிக்குக் கையில் நீண்ட பதிவேட்டோடு நடு அறையில் நிற்பார். காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். முதலில் குளிர்சாதனப் பெட்டியான ஐஸ்பெட்டியைக் கூப்பிடுவார். அது உறுமினால் வந்தாச்சு. உறுமாவிட்டால் உறுமும்வரை காத்திருப்பார். அடுத்து தராசு, அதற்கடுத்துக் காந்தத்தால் சுழலும் கலக்கி, கடைசியில் பீக்கர்களும் போத்தல்களும். ஒருமுறை சென்ட்ரிஃபியூஜ் இயந்திரம் கெட்டுப்போனபோது, பழுதுபார்ப்பவர் கொடுத்த சீட்டை வாங்கி, அதை மருத்துவ விடுப்புச் சான்றாகப் பதிவேட்டில் ஒட்டி, ‘மூன்று நாள் எம்.சி.’ என்று எழுதி வைத்தார்.

அந்தப் பட்டியலில் ஆராய்ச்சி மாணவியான நானும் இருந்தேன். தராசுக்கும் கலக்கிக்கும் நடுவில், ‘தங்கச்சி’ என்று.

"தங்கச்சி, ஏழு முப்பத்தஞ்சு" என்பார், நான் மோட்டார்சைக்கிள் சாவியைக்கூடப் பைக்குள் போட்டிருக்க மாட்டேன்.

"அண்ணே, எனக்கு வேல எட்டு மணிக்குத்தான்."

"தராசு ஏழு மணிக்கே வந்துருச்சு."

பதிவேட்டில் அவர் ஒரு பொய் எழுதி யாரும் பார்த்ததில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவி, சிரம்பான் சிலோன் தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி, எல்லோருக்கும் ‘டாக்டர்’. நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டி அவர் ஒருநாள் பத்து மணிக்கு வந்தார். பெரட்டு அவருக்கு நேரே ‘அரை நாள்’ என்று எழுதினார். டாக்டர் அதைப் படித்துவிட்டு அறைக்குள் போனார். மறுநாளிலிருந்து ஆறே முக்காலுக்கு வந்தார்.

பூட்ஸையாவது பொறுத்துக்கொண்டோம். ஆரம்பத்தில் இடுப்பில் ஒரு கொசுவர்த்திச் சுருளையும் கொளுத்தித் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் கட்டிக்கொள்வதைப் போல. எங்கள் மேசை முழுக்க எளிதில் தீப்பற்றும் அசிட்டோன். ஒரு பொறி விழுந்தால் லாபுவிலிருந்து ரந்தாவ் வரைக்கும் எங்களைப் பொறுக்க வேண்டியிருக்கும். டாக்டர் அதைத் தடை செய்தார். மறுநாளும் பெரட்டு சுருளோடு வந்தார், ஆனால் கொளுத்தவில்லை. பழக்கமாம். மழை பெய்தால் இன்னொரு வில்லங்கம். ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, இன்றைக்கு வேலை கிடையாது என்று உட்கார்ந்துவிடுவார். மரத்தில் தண்ணீர் வழிந்தால் பால் வெட்ட முடியாது என்பது சட்டம். மேலே கூரை இருக்கிறது, நம் வேலையில் மரமே கிடையாது என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது.

இனி எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டதும் என் உறவினர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அதுக்குப் பேசாம மஞ்சள் பால் குடிச்சிடலாமே?"

குடிக்கலாம். மஞ்சளில் வீக்கத்தைத் தணிக்கிற ஒரு பொருள் இருக்கிறது. ஆனால் அது தண்ணீரில் கரையாது. வயிற்றுக்குள் போனால் உடம்பு அதை விருந்தாளியாக உட்கார வைக்காமல் வந்த சுவடு தெரியாமல் வெளியே அனுப்பிவிடும். அதனால் வேதியியல் படித்தவர்கள் அதற்கு ஒரு செயற்கைத் தங்கையைச் செய்தார்கள். அக்காவைவிடக் கெட்டிக்காரி, வீரியம் கூடுதல். குணம் மட்டும் அக்காவைப் போலவே: அதே மஞ்சள் நிறம், தண்ணீர் என்றால் அதே பிடிவாதம். இவளை எப்படி உடம்புக்குள் கூட்டிப் போவது? பல்லக்கில்தான். உடம்பில் மெல்லக் கரைந்துபோகிற ஒருவகைப் பாலிமரில் நுண்ணிய உருண்டைகள் செய்து, மருந்தை உள்ளே வைத்து மூடிவிட வேண்டும். எவ்வளவு நுண்ணியவை என்றால், ஒரு தலைமுடியின் குறுக்கே சில நூறு உருண்டைகளை வரிசையாக நிறுத்தலாம். குடல் வீக்கத்தால் வருடக்கணக்கில் அவதிப்படுகிறவர்களுக்கு என்றாவது இது உதவும் என்பது டாக்டரின் கனவு. எனக்கும் அதே கனவு. எனக்குக் கொஞ்சம் சீக்கிரமாக வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை நான் கையை ஆட்டி, படம் வரைந்து, அரை மணி நேரம் பெரட்டுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"பாலுதானே" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ரப்பர் பாலும் தண்ணீரில் மிதக்கிற நுண்ணிய பாலிமர் உருண்டைகள்தான். எங்கள் போத்தலில் இருப்பதும் பார்வைக்கு நீர்த்த பால்தான், கொஞ்சம் மஞ்சள். அன்றிலிருந்து ஆய்வுக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் பால் ஸ்டோர் பெயர் வந்துவிட்டது. உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் தங்கினால் ‘கட்டிப்பால்’. போத்தல் ஓரத்தில் காய்ந்து பிடித்தால் ‘ஒட்டுப்பால்’. நான் டாக்டருக்கு எழுதிய ஆங்கில அறிக்கையிலேயே ஒருமுறை கட்டிப்பால் என்று எழுதிவிட்டேன்.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நகராது. அந்த மருந்து தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கதவுப் பிடி மஞ்சள், விசைப்பலகை மஞ்சள், பெரட்டு பால் விடாத தேநீர் குடிக்கிற தே ஓ குவளை உள்ளும் புறமும் மஞ்சள். தினமும் எந்த வீட்டுச் சடங்குக்குப் போய் வருகிறீர்கள் என்று அவர் மனைவி கேட்டாராம். ஒருநாள் அந்த அக்கா சட்டையைச் சோப்பில் ஊறவைத்திருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் வாளி முழுக்கச் சிவப்பு. கணவருக்கு எங்கேயோ காயம், தன்னிடம் மறைக்கிறார் என்று அழுதுகொண்டே ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசி செய்தார். டாக்டர்தான் எடுத்துச் சமாதானப்படுத்தினார். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைத்தால் சிவக்கிறது இல்லையா, சோப்பிலும் அதே காரம்தான் வேலை செய்கிறது, உன் வீட்டுக்காரர் இதோ பூட்ஸோடு நன்றாக நிற்கிறார் என்று. நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். இந்தச் சிவப்பை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது என் கஷ்டத்துக்கு வருகிறேன். மூன்று மாதமாக நான் செய்த ஒவ்வொரு போத்தலும் கட்டிப்பால். செய்முறை சுலபம்தான். பாலிமரையும் மருந்தையும் அசிட்டோனில் கரைத்து, ஊசி வழியாக, சுழன்றுகொண்டிருக்கும் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒவ்வொரு சொட்டும் தண்ணீரில் பட்டதும் உருண்டைகளாகப் பிரியும். பிறகு அசிட்டோன் ஆவியாகிப் போகும்வரை சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். இந்தச் சுலபமான செய்முறையில் இரண்டு இடங்களில் பொறுமை தேவைப்படுகிறது. என்னிடம் ஒரு இடத்துக்கான பொறுமையே கிடையாது.

டாக்டர் ஒரு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார். மருந்து செய்து அனுப்பியவர்களிடம் இனி இருப்பு இல்லை, இதுதான் கடைசி என்று ஒரு சின்னக் குப்பியைக் கையில் கொடுத்தார். வெள்ளிக்கிழமை கோலாலம்பூருக்கு ஒரு நல்ல போத்தல் போக வேண்டும், அங்கே உயிரணுக்களில் சோதிக்க இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். போகவில்லை என்றால் இந்த ஆராய்ச்சியை மூடிவிடுவார். நான் பக்கத்து அறைக் குழுவில் சேர வேண்டும். பக்கத்து அறையில் செம்பனைக் கழிவிலிருந்து உரம் தயாரிக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் அந்த அறையைக் கடக்கும்போது நான் மூச்சை அடக்கிக்கொள்வது வழக்கம். அதற்குள் உட்கார்ந்து ஒரு முதுநிலைப் பட்டத்தை முடிக்கும் அளவுக்கு எனக்கு மூச்சு இல்லை.

வியாழக்கிழமை காலை உட்கார்ந்தேன். கலவையை ஐந்து போத்தல்களுக்காகப் பிரித்துக்கொண்டேன். முதல் போத்தலுக்கு நான் ஒரு ஞானி. நாற்பது நிமிடம், சொட்டுச் சொட்டாக, கண் இமைக்காமல். இரண்டாவதில் கால் மரத்தது. மூன்றாவதில் பசித்தது. நான்காவதில் கைப்பேசி மூன்று தரம் அடித்தது. ஐந்தாவது போத்தலில் ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே மூச்சில் ஊற்றினேன். பெரட்டு பக்கத்தில் நின்று, ஒவ்வொரு போத்தலும் எத்தனை மணிக்கு ‘வேலைக்கு வந்தது’, எத்தனை நிமிடம் எடுத்தது என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு அது அப்போது எரிச்சலாக இருந்தது.

அசிட்டோன் போகும்வரை போத்தலை விட்டு நகரக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை. நான் நகர்ந்தேன். பசியாறிவிட்டு வருகிறேன், லாபு சாலைக் கடைவரைக்கும்தான், கட்டியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்தேன். பரோட்டா போன்ற ரொட்டி சானாய் இரண்டு, பருப்புக் கறி, நுரைக்க ஆற்றிய தே தாரேக் ஒன்று. அந்த ரொட்டிக்கு நான் கொடுத்த விலையை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

திரும்பி வந்தேன். மேசையில் ஐந்து போத்தல்கள் வரிசையாக நின்றன. ஐந்தாவதில் ஆரத்தி இருந்தது. உவமைக்காகச் சொல்லவில்லை. மாப்பிள்ளை வந்திருந்தால் அப்படியே சுற்றிக் கொட்டியிருக்கலாம்.

"என்னண்ணே செஞ்சீங்க?"

"கட்டியாகப் பாத்துச்சு தங்கச்சி. ரெண்டு சொட்டு அமோனியா வுட்டேன்" என்றார் பெருமையாக. "இப்ப பாரு, கட்டியாகல."

பால் ஸ்டோரில் அதுதான் வழக்கம். பால் உறையப் பார்த்தால் அமோனியா. மழை வரும்போல் இருந்தால் மரத்தில் கட்டிய கிண்ணத்திலேயே விட்டுவிடுவார்களாம். அந்தக் கைக்கு வேறென்ன தெரியும்? ஐந்தாவது போத்தலில் கட்டி விழ ஆரம்பித்ததும் கை தானாக அலமாரிக்குப் போயிருக்கிறது. அமோனியாவோ காரம். நம்முடைய மஞ்சள் தங்கையோ காரத்தைக் கண்டால் சிவந்துவிடுகிறவள்.

"அஞ்சாவதுல மட்டுந்தானே வுட்டீங்க?" என்று கேட்டேன், கடைசி நம்பிக்கையோடு.

"அஞ்சுலயும்தான். ஒருத்தனுக்குக் குடுத்து இன்னொருத்தனுக்குக் குடுக்கலன்னா பெரட்டுல சண்ட வந்துரும்லா."

மூன்று மாதம், கடைசிக் குப்பி, எல்லாம் போயிற்று. உரத்தின் வாசம் மூக்கில் ஏறியது. நான் கத்தினேன். பலவற்றைக் கத்தினேன், ஒன்று மட்டும் இன்றைக்கும் உறுத்துகிறது. "இது ஒண்ணும் ஒங்க பால் ஸ்டோர் இல்ல" என்றேன். அவர் பதிவேட்டைத் திறந்து ஏதோ எழுதினார். மூடி மேசையில் வைத்தார். இடுப்பிலிருந்த கொசுவர்த்திச் சுருளைக் கழற்றி அதன்மேல் வைத்தார். அந்தச் சுருள் இல்லாமல் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இளைத்துப்போன மாதிரி தெரிந்தார்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார்.

"என்ன பிள்ளை, கலியாண வீடோ?"

சொல்லிக்கொண்டே மூக்கை உறிஞ்சினார். ஆர் அமோனியா விட்டது என்று கேட்டார். வாசத்திலேயே பிடித்துவிட்டார்.

"நாந்தான் டாக்டர்" என்றார் பெரட்டு. "தங்கச்சி மேல தப்பு இல்ல."

நீ எங்கே இருந்தாய் என்று டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பதிவேட்டை எடுத்து அன்றைய பக்கத்தைப் பார்த்தார். ஒரு வரியின்மேல் விரல் வைத்தார். பிறகு கேள்வியை அப்படியே விட்டுவிட்டுப் போத்தல்களின் பக்கம் திரும்பினார். மேசை மட்டத்துக்குக் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். அப்போதுதான் நானும் மற்ற நான்கையும் ஒழுங்காகப் பார்த்தேன்.

முதல் போத்தல் சிவக்கவே இல்லை. அதே மஞ்சள், வெயிலில் வைத்த மோர் மாதிரி அமைதியாக இருந்தது. இரண்டாவதில் லேசான செம்மை. மூன்றாவது ஆரஞ்சு. நான்காவது செங்கல். ஐந்தாவதுதான் ஆரத்தி.

"எந்தப் போத்தலுக்கு எவ்வளவு நேரம்?" என்று டாக்டர் கேட்டார்.

பெரட்டு பதிவேட்டைப் பார்த்து வாசித்தார். ஒன்றாம் நம்பர், நாற்பது நிமிடம். இரண்டு, இருபத்தாறு. மூன்று, பதினைந்து. நான்கு, ஏழு. ஐந்தாம் நம்பருக்கு வந்ததும் தயங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அஞ்சாம் நம்பரு... வந்தவுடனே முடிஞ்சிருச்சு டாக்டர்."

டாக்டர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு விளக்கினார். உருண்டைக்குள் பத்திரமாக மூடப்பட்ட மருந்தை அமோனியாவால் உடனே தொட முடியாது, அது மஞ்சளாகவே இருக்கும். மூடாமல் வெளியே கிடக்கிற மருந்துதான் சிவக்கும். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நாங்கள் ஒவ்வொரு தடவையும் இயந்திரத்துக்கு முன்னால் நாள்கணக்கில் வரிசை நிற்கிறோம். இங்கே இரண்டு சொட்டில் அது கண்ணுக்குத் தெரிகிறது. சிவந்தால் தோல்வி, சிவக்காவிட்டால் நம்பிக்கை. மூன்று மாதமாக எனக்கு என்ன வியாதி என்று மேசையில் வரிசையாக நின்றது. உலகத்தில் வேறு யாருடைய அவசர புத்தியும் இப்படி ஐந்து நிறங்களில் நிரூபிக்கப்பட்டிருக்காது.

"ஆனா டாக்டர், அமோனியா கலந்தத அனுப்ப முடியாதே" என்றேன். "மருந்தும் தீந்துபோச்சு."

டாக்டர் அறைக்குப் போய் இன்னொரு குப்பியோடு வந்தார். முதலில் கொடுத்ததில் பாதிகூட இருக்காது.

"உன்னை நம்பி முழுக்கத் தருவேனோ, பிள்ளை?"

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். தராசுக்குப் பிறகு என் பெயரைக் கூப்பிட்டபோது ‘வந்தேன்’ என்று குரல் கொடுத்தேன். நேற்று கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். கலக்கி காத்திருக்கிறது என்றார் அவர், அவ்வளவுதான். நாற்பது நிமிடம் சொட்டு விட்டேன். கை வேகமெடுக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து பூட்ஸ் ஒருதரம் தரையில் தட்டும். அசிட்டோன் போகும்வரை நகரவில்லை, பசியாறவும் இல்லை. ஓரமாக ஒரு சொட்டு எடுத்து அமோனியா காட்டினோம். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தோம். மஞ்சள். மறுபடி பார்த்தோம். மஞ்சளேதான். ஐஸ் வைத்த பெட்டியில் போத்தலைப் படுக்கவைத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பினோம். பெரட்டு வாசல்வரை போய், வெளியூர் வேலை என்று அதற்கும் எழுதிக்கொண்டார்.

உயிரணுக்கள் மருந்தை ஏற்றுக்கொண்டன. நோயாளியின் கைக்குப் போவதற்கு இன்னும் எத்தனையோ படிகள் இருக்கின்றன, ஏறிக்கொண்டிருக்கிறோம். இயந்திரச் சோதனையையும் டாக்டர் விடவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு சொட்டில் ‘ஆரத்தி’ எடுப்பது இப்போது அங்கே சட்டம். புதிதாகச் சேருகிற மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

கடைக்குப் போனதை மட்டும் நான் சொல்லாமலே வைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்துத் தாங்க முடியாமல் டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். தெரியும் என்றார். என் வெள்ளைக் கோட்டில் இருந்த மஞ்சளில் தாளித்த கடுகு ஒட்டிக்கொண்டிருந்ததாம்.

பட்டம் முடித்து மேல்படிப்புக்காகப் பினாங்குக்குக் கிளம்பிய அன்று, பெரட்டு என்னிடம் பதிவேட்டை நீட்டினார், விடைபெறுகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் அந்த வியாழக்கிழமைப் பக்கத்தைத் தேடித் திருப்பினேன். ஐஸ்பெட்டி, வந்தது. தராசு, வந்தது. அதற்குக் கீழே, ‘தங்கச்சி, வந்தது, போத்தல் பக்கத்திலேயே இருந்தது’. எல்லாவற்றுக்கும் அடியில், நான் கத்திய பிறகு எழுதிய வரி: ‘பெரட்டு, மட்டம்’.

அவர் பேனாவையே வாங்கி, ‘மட்டம்’ என்பதை அடித்துவிட்டு ‘வந்தார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் பெயருக்கு நேரே இருந்ததைத் திருத்தவில்லை. வாழ்நாள் முழுவதும் அந்த மனிதர் எழுதிய ஒரே பொய் அது. அது எனக்குக் கிடைத்தது.